ஹம்பி - கடையில்லாத கடைத்தெரு

நம்ம ஊர் பால் கன்னடத்தில் ஹாலு. புலி அங்கே ஹுலி. பள்ளி என்று முடிகிற ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஓசூர் தாண்டியதும் ஹள்ளி ஆகிவிடும். பழைய கன்னடத்தில் 'ப'வாக இருந்தது பிற்காலத்தில் 'ஹ' ஆனதால் வந்த கூத்து. பம்பா ஹம்பி ஆனதும் இப்படித்தான். பம்பா என்பது துங்கபத்திரைக்குப் பழைய பெயர். அந்த ஊர் அம்மனுக்கும் அதே பெயர். அவளைக் கட்டிக்கொண்டவர் பம்பாபதி, அதாவது விருபாக்ஷர். விஜயநகரம் என்ற ராஜ்ஜியம் 1336-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பிருந்தே இவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார். ராஜ்ஜியம் வந்தது, போனது. இவருக்கு மட்டும் பூஜை நிற்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது 'ஹம்பியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' சமாச்சாரம் இல்லை. அதுக்குத்தான் ஆயிரம் வீடியோ இருக்கே. நான் எழுத நினைத்தது ஒரே ஒரு தெருவைப் பற்றி. விருபாக்ஷர் கோயிலின் பெரிய கோபுரத்தில் ஆரம்பித்து, கிழக்கே ஒற்றைக்கல் நந்தி வரைக்கும் ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் நேராகப் போகும் தெரு. ஹம்பி பஜார். இந்தத் தெருவை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அது வேற வேற தெரு.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம். நமக்கும் ஹம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக இது. முதல் புக்கரின் மகன் குமார கம்பணன் மதுரை சுல்தான்கள் மேல் படையெடுத்துப் போனான். அவன் மனைவி கங்காதேவி அதை 'மதுரா விஜயம்' என்று சமஸ்கிருதக் காவியமாகவே எழுதி வைத்தாள். (போர்ப் பயணத்தைப் பெண்டாட்டி காவியமாக எழுதுவது எல்லாருக்கும் வாய்க்குமா?) அதன் பிறகு மதுரை, தஞ்சாவூர், செஞ்சி நாயக்கர்கள் எல்லாருமே ஹம்பியின் கிளைகள்தான். நம் ஊர்க் கோயில்களில் ராயகோபுரம் என்கிறோமே, அந்த ராயர் கிருஷ்ணதேவராயர். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரும், அப்போது மிச்சம் மீதி இருந்த விஜயநகர அரசனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்தான். இன்னொன்று நிறைய பேருக்குத் தெரியாது. பெல்லாரி ஜில்லா 1953 வரைக்கும் மதராஸ் மாகாணத்தில் இருந்தது. ஆக, ஹம்பியும் நம்ம கவர்மெண்ட் கணக்கில்தான் இருந்தது. ஹம்பியைப் பற்றி 'மறக்கப்பட்ட பேரரசு' என்று 1900-ல் ஆங்கிலத்தில் புத்தகம் போட்ட ராபர்ட் சிவெல், மதராஸ் சிவில் சர்வீஸ் ஆசாமி.

சிவெல் செய்த பெரிய உபகாரம், இரண்டு போர்ச்சுகீசியர்களின் குறிப்புகளை மொழிபெயர்த்துப் புத்தகத்தோடு சேர்த்தது. ஒருவர் நூனிஸ், குதிரை வியாபாரி. இன்னொருவர் டொமிங்கோ பாயஸ். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 வாக்கில், ஹம்பியை நேரில் பார்த்தவர். நகரம் ரோம் அளவுக்குப் பெரியது என்கிறார். மாணிக்கம், வைரம், முத்து எல்லாம் கடையில் கிடக்கிறது என்கிறார். ஆற்றைக் கடக்கக் கூடை மாதிரி வட்டமாக, உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாகப் படகு இருந்தது, பதினைந்து இருபது பேர் ஏறலாம், குதிரையும் மாடும்கூடப் போகும் என்று எழுதியிருக்கிறார். வேறென்ன, நம்ம பரிசல். இன்றைக்கும் அதே ஆற்றில் ஓடுகிறது. குதிரைக்குப் பதில் ஐ.டி. கம்பெனி டீம் அவுட்டிங். :-)

ஆனால் பாயஸ் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விருபாக்ஷர் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் தெருவைப் பற்றி ஒரு பத்தி வரும். அழகான வீடுகள், மாடம், தாழ்வாரம் எல்லாம் உள்ள தெரு. அந்தத் தாழ்வாரங்களில் யாத்திரை வருகிறவர்கள் தங்குகிறார்கள். பெரிய மனிதர்கள் தங்கவும் வீடுகள் இருக்கின்றன. ராஜாவுக்கே அந்தத் தெருவில் ஒரு மாளிகை உண்டு, சாமி கும்பிட வரும்போது அங்கேதான் தங்குவார். சாராம்சம் இவ்வளவுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர். ராமராயர் தலை போனது. நகரத்தை மாதக்கணக்கில் கொள்ளையடித்தார்கள். அரச குடும்பம் பெனுகொண்டாவுக்குப் போய், பிறகு சந்திரகிரிக்கு நகர்ந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அப்புறம் இருநூறு வருடத்துக்கு மேலே அந்தப் பக்கம் பெரிதாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1799-ல் காலின் மெக்கன்சி வந்து அளந்து வரைபடம் போட்டார். 1856-ல் அலெக்ஸாண்டர் கிரீன்லா என்ற கம்பெனி ராணுவ அதிகாரி பெரிய பெரிய காகித நெகட்டிவில் படம் எடுத்தார். அந்தப் படங்கள் நெட்டில் கிடைக்கும், அவசியம் பாருங்கள்.

முதல் முறை நான் போனது 2010-ல். ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆபீஸில் எல்.டி.சி. கிடைத்தது. எல்லாரும் ஊட்டி, கோவா என்று போகும்போது எங்கப்பா "கல்லு பாக்கப் போறோம்டா" என்று கூட்டிக்கொண்டு போனார். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். பஸ் விட்டு இறங்கினதும் பார்த்தால், தெருவின் இரண்டு பக்கமும் 500 வருஷத்துக் கல்தூண் மண்டபங்கள். ஒவ்வொரு மண்டபத்துக்குள்ளும் ஒரு குடும்பம்! இரண்டு தூணுக்கு நடுவே செங்கல் சுவர், நீல பெயின்ட், கதவு, உள்ளே டி.வி. அடுத்த மண்டபத்தில் தோசைக் கடை. அதற்கடுத்து வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை. அதற்கடுத்துச் சைக்கிள் வாடகை, புத்தகக் கடை, இன்டர்நெட் கடை. ஹீப்ரூ எழுத்தில்கூட போர்டு. யாளி செதுக்கிய தூணில் கயிறு கட்டி யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள்.

நாங்கள் இட்லி சாப்பிட்டது ஒரு மண்டபத்தில். அந்த அம்மா அடுப்பு வைத்திருந்த இடத்துக்கு மேலே உத்தரம் முழுக்கக் கரி. அப்பா அதைப் பார்த்து 'த்சொ' கொட்டினார். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியவில்லை. ஒரு பையன், என் வயசுதான் இருக்கும், தட்டு எடுத்துப் போனான். மியூசியத்துக்குள்ளே குடியிருக்கிறானே, கொடுத்து வைத்தவன் என்று நினைத்தேன். அந்த வயசில் எனக்குச் சரித்திரம் பிடித்துப் போனதுக்குக் காரணம் ஹசார ராமர் கோயிலோ தாமரை மகாலோ இல்லை. இந்தத் தெருதான். பழைய ஊர் ஒன்று இன்னும் செத்துப் போகாமல் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது.

2011 ஜூலை கடைசியில் புல்டோசர் வந்தது.

அவசரப்பட்டு அரசாங்கத்தைத் திட்ட நான் தயாரில்லை, ஏனென்றால் அவர்கள் பக்கமும் விஷயம் இருந்தது. ஹம்பி 1986-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1999-ல் 'ஆபத்தில் இருக்கும் இடம்' என்று அதே யுனெஸ்கோ சிவப்பு முத்திரை குத்தியது. காரணம் பஜார் இல்லை, ஆற்றின் மேல் கட்ட ஆரம்பித்த இரண்டு பாலங்கள். அந்த முத்திரை 2006-ல்தான் போனது. (அதில் ஆனெகுந்திப் பாலம் 2009 ஜனவரியில் கட்டும்போதே இடிந்து விழுந்து தொழிலாளிகள் செத்தது தனிச் சோகம்.) இடையில் 2002-ல் சட்டம் போட்டு, இந்தப் பகுதிக்கென்றே தனி ஆணையம் அமைத்தார்கள். மண்டபத்துத் தூணில் டிரில் போட்டது, மேலே கான்கிரீட் மாடி ஏற்றியது, சாக்கடை தேங்கியது எல்லாமே உண்மை. நானே கண்ணால் பார்த்தேனே! பாதுகாக்கப்பட்ட சின்னத்தை ஆக்கிரமித்தால் காலி செய்யச் சொல்வதுதான் சட்டம். விஷயம் கர்நாடக உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், ஆக்கிரமிப்பை அகற்று என்று உத்தரவானது.

ஆனால் அகற்றிய விதம் இருக்கிறதே. முதல் நாள் சொல்லிவிட்டு மறுநாள் இடித்தார்கள். முன்னூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். மாற்று இடம் சில கிலோமீட்டர் தள்ளி கட்டிராம்புரா என்கிற கிராமத்துப் பக்கம். அந்த மனைகள் கைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. ஜே.சி.பி. பல்லுக்கு எது 1980-ல் வைத்த செங்கல், எது 1520-ல் வைத்த கல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா? கல்லைக் காப்பாற்றத்தான் இடிக்கிறோம் என்றால், ஒவ்வொரு சுவராகக் கையால் அல்லவா எடுத்திருக்க வேண்டும்?

இப்போது பாயஸ் எழுதியதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். 1520-ல் அந்தத் தெரு எதற்கு இருந்தது? வெளியூரிலிருந்து வருகிறவன் தங்குவதற்கு, சாப்பிடுவதற்கு. 2010-ல் எதற்கு இருந்தது? அதே. காவி கட்டிக்கொண்டு வந்தவனுக்குப் பதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். நாம் காப்பாற்ற வேண்டியது தூணையா, தூணுக்கு நடுவே நடந்த காரியத்தையா? ரெண்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது என்று யார் முடிவு செய்தது? ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் குடியிருப்பவர்களை எல்லாம் காலி செய்துவிட்டு, 'இதோ பாருங்கள் சோழர் காலத்துத் தெரு' என்று டிக்கெட் போட்டால் எப்படி இருக்கும்?

எங்கள் தொழிலில் ரோல்பேக் என்று ஒன்று உண்டு. புது வெர்ஷன் சொதப்பினால், ஒழுங்காக ஓடிய பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போவது. அதற்கு முதலில் எந்த வெர்ஷன் சரியானது என்று தெரிய வேண்டும். ஹம்பிக்கு அது எது? விட்டலர் கோயில் கல்தேரை எடுத்துக்கொள்ளுங்கள், 2017-ல் வந்த 50 ரூபாய் நோட்டின் பின்னால் இருக்கிறதே அதேதான். கிரீன்லாவின் 1856 படத்தில் அந்தத் தேருக்கு மேலே செங்கல்லில் ஒரு விமானம் இருக்கிறது. பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். முன்னால் இழுப்பதுபோல் நிற்கிற இரண்டு யானையும் தேரோடு பிறந்தவை இல்லை, முதலில் இருந்தவை குதிரைகள். யானைக்குப் பின்னால் குதிரையின் காலும் வாலும் இன்னும் தெரியும். ஆக, நாம் நோட்டில் அச்சடித்திருப்பது 1500-களின் தேர் இல்லை. மொட்டையடித்து, யானை மாட்டிய பிற்கால எடிஷன். அதைப் பழுது என்று யாரும் சொல்வதில்லை, பாரம்பரியம் என்கிறோம். மண்டபத்தில் இட்லி சுட்ட அம்மா மட்டும் ஆக்கிரமிப்பு.

இரண்டாம் முறை 2019 கடைசியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரூம்மேட்டுகளோடு ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனேன். அந்த வருட ஜனவரியில்தான் நியூயார்க் டைம்ஸ் 'போக வேண்டிய 52 இடங்கள்' பட்டியலில் ஹம்பிக்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தது. அடுத்த மாதமே சில பையன்கள் ஒரு தூணைத் தள்ளிவிட்டு வீடியோ எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கோர்ட் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டு, அவர்கள் கையாலேயே தூணைத் திரும்ப நிறுத்த வைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு.

பஜார் காலியாகக் கிடந்தது. தங்கும் கூட்டம் எல்லாம் பரிசல் ஏறி அக்கரையில் விருபாபுர கட்டிக்குப் போயிருந்தது. (கட்டி என்றால் ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டு.) வயல் பார்த்த குடிசை, தரையில் மெத்தை, ராத்திரி கிட்டார். பசங்களுக்கு ரொம்பப் பிடித்துப் போச்சு. எனக்கும்தான், பொய் சொல்வானேன். அடுத்த சில மாதங்களில், 2020 பிப்ரவரியில், அதையும் இடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்ச்சில் இடித்தார்கள். அதே மாதக் கடைசியில் லாக்டவுன். அங்கே வேலை பார்த்தவர்கள் அந்த வருடத்தை எப்படி ஓட்டினார்களோ.

மூன்றாம் முறை, போன பொங்கல் லீவில். ஹொசபேட்டெயில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது, ஊர் மாறிப் போச்சு என்று. இப்போது பெல்லாரியிலிருந்து பிரித்து விஜயநகர மாவட்டம் என்று தனியாகவே ஆக்கிவிட்டார்கள், 2021-ல். அதற்குத் தலைநகர் ஹொசபேட்டெ. பெரிய ஹோட்டல்கள் எல்லாம் ஊருக்கு வெளியே. விட்டலர் கோயிலுக்குப் பேட்டரி வண்டி க்யூ. கல்தேரைச் சுற்றித் தடுப்பு. கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தேன். பத்தில் எட்டுப் பேர் 50 ரூபாய் நோட்டை நீட்டிப் பிடித்துத் தேரோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். எனக்கும் கை அரித்தது, ஆனால் பர்ஸில் 50 இல்லை. எல்லாம் ஜி-பே. அக்கரையில் விருபாபுர கட்டி வெறிச்சோடிவிட்டது, அங்கே இருந்த தொழில் அப்படியே சாணாபுரத்துக்கும் ஆனெகுந்திக்கும் நகர்ந்துவிட்டது. அனுமன் பிறந்த இடம் என்று அஞ்சனாத்ரி மலையில் 575 படி ஏறக் கூட்டம் அம்முகிறது. டூரிஸம் என்பது தண்ணி மாதிரி, இங்கே அடைத்தால் அங்கே பீறிடும். இரண்டு முறை இடித்த பிறகும் வருகிற ஆள் குறையவில்லை. உள்ளூர்க்காரன் வீட்டில் தங்கிக்கொண்டிருந்தவன் இப்போது வெளியூர் முதலாளியின் ரிசார்ட்டில் தங்குகிறான், அவ்வளவே.

பஜாருக்கு வந்தேன். சுத்தமாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன், ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது. சாயங்கால வெயிலில் தூண் வரிசை நிழல் தரையில் கோடு கோடாக விழும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் அந்த இட்லி மண்டபம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கரி படிந்த உத்தரம் தேடினேன். நாலைந்து மண்டபத்தில் கரி இருக்கிறது. இடையில் 2024 மே மாத மழையில் இந்த வரிசையில் ஒரு பகுதி மண்டபம் சரிந்து விழுந்துவிட்டது. மனிதர்கள் குடியிருந்தபோது செய்த சேதம் ஒரு வகை. குடியிருந்தால் கூரை ஒழுகும்போது கவனிக்கவாவது ஒரு ஆள் இருக்கும். காலி மண்டபத்துக்கு மேலே செடி முளைப்பதை யார் தினம் பார்ப்பது?

வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கூடையில் வெள்ளரிக்காயும் இளநீரும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். என் பெங்களூர்க் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தேன். பஜாரில் இருந்தவர்தான். பதினோராவது மண்டபமோ பன்னிரண்டாவதோ, கை காட்டினார். "ராத்திரி சொன்னாங்க தம்பி, காலையில வண்டி வந்து நின்னுது. நான் அரிசி டின்னைத் தூக்கவா, புள்ளையைத் தூக்கவா?" இப்போது வீடு கட்டிராம்புராவில். தினம் ஆட்டோவில் வருகிறார், போகிறார்.

கோபமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கல்லு எங்களுது இல்ல, ராயரோடது. அது எங்களுக்கும் தெரியும். ஆனா பண்டிகைக்குத் தேர் வருமில்ல, வாசல்ல கோலம் போட்டு நிப்போம். இப்போ தேர் வரும்போது நாங்களும் வெளியூர்க்காரங்க மாதிரி ஓரமா நின்னு பாக்கறோம்." வெள்ளரிக்காயில் மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தார். இருபது ரூபாய். அவரிடமும் க்யூ.ஆர். கோடு இருந்தது.

அங்கிருந்து ஹேமகூடத்தின் தெற்கே இறங்கி கிருஷ்ணர் கோயிலுக்கு நடந்தேன். கிருஷ்ணதேவராயர் உதயகிரிக் கோட்டையைப் பிடித்ததன் நினைவாக, அங்கிருந்து எடுத்து வந்த பாலகிருஷ்ணன் சிலைக்காகக் கட்டியது. அந்தக் கோயில் எதிரிலும் இதே மாதிரி ஒரு பஜார், இதே மாதிரி தூண் வரிசை, பக்கத்தில் குளம், சுற்றி வாழைத்தோட்டம். அங்கே யாரும் குடியேறியதாகத் தெரியவில்லை, அதனால் யாரையும் காலி செய்யவும் வேண்டியிருக்கவில்லை. கருவறையும் காலிதான். உடைந்து போன அந்தப் பாலகிருஷ்ணன் நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறார், பெல்லாரி மதராஸோடு இருந்த காலத்துப் பந்தம். சென்னைக்காரர்கள் அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.